சாப்பாடும் மாத்திரையும் மாறவில்லை, அம்மாவுக்குச் சுகர் மட்டும் ஏறிக்கொண்டே போகிறது

மல்லிகைத் தோட்டத்தான்:

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் ஊர் உசிலம்பட்டி பக்கம். அம்மாவுக்கு 58 வயது, எட்டு வருடமாகச் சுகர். மெட்ஃபார்மின் 500 காலையும் இரவும், கிளிமிபிரைடு 1 காலையில். மக்களைத் தேடி மருத்துவம் அக்கா மாதாமாதம் வீட்டுக்கே வந்து கொடுத்துவிடுகிறார், அதனால் மாத்திரை விட்டுப்போக வழியே இல்லை. போன வருடம் மூன்று மாதச் சுகர் 7.1 இருந்தது. இப்போது 10.4. வெறும் வயிற்றில் 132தான். மதியம் சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தால் 358.

பிரஷரும் புதிதாக வந்திருக்கிறது. பக்கத்து ஊர் டாக்டர் எண்களைப் பார்த்துவிட்டு, இன்சுலின் போட்டாக வேண்டும் என்கிறார். அம்மா ஊசி என்றாலே எழுந்து போய்விடுகிறார். ஆள் பார்க்க நன்றாகத்தான் இருக்கிறார். முகம் பூரித்து, கொஞ்சம் சதையும் போட்டிருக்கிறார். இரண்டு வருடமாகப் படுத்திய முழங்கால் வலிகூட இப்போது இல்லை. விடியற்காலை பூப்பறிக்க முன்னைவிடத் தெம்பாகப் போகிறார். சொந்தக்காரர்கள் எல்லாம் "அக்கா தேறிட்டாங்க" என்று சந்தோஷப்படுகிறார்கள். எனக்கு இந்த எண்களைப் பார்த்தால்தான் பயமாக இருக்கிறது. வேறென்ன காரணம் இருக்கும்?


வடக்குமாசி வாசி:

தம்பி, அம்மா மத்தியானம் என்ன சாப்பிடுகிறார் என்று நீங்கள் பக்கத்தில் இருந்து பார்த்தீர்களா? எங்கள் வீட்டில் அப்பா பத்தியத்தில் இருப்பதாக ஊரே நம்பியது. சாயங்காலம் நடக்கப் போகிறேன் என்று கிளம்பிப் போய்ப் பருத்திப்பாலும் பணியாரமும் சாப்பிட்டுவிட்டு வருவார் என்பது கடைக்காரர் சொல்லித்தான் தெரிந்தது. முதலில் அதைப் பாருங்கள்.


கருப்பட்டிப் பிரியன்:

வெள்ளைச் சீனியை அடியோடு நிறுத்திவிட்டுக் கருப்பட்டிக்கு மாறச் சொல்லுங்கள். சோற்றுக்குப் பதில் கேப்பைக் களி. சுகர் தானாக இறங்கும். நம் பாட்டன் பூட்டனுக்கு எங்கே இருந்தது இந்த வியாதி?


லேப் அக்கா:

கருப்பட்டியிலும் பெரும்பங்கு அதே சுக்ரோஸ்தான். சுவையும் கொஞ்சம் தாது உப்பும் வேறே, அவ்வளவுதான். தினமும் இரத்தத்தில் எண்ணிப் பார்க்கிறவள் சொல்கிறேன், கருப்பட்டிக் காப்பி குடித்துவிட்டு வருகிறவர்களின் எண் ஒன்றும் குறைந்து வருவதில்லை. கேப்பை நல்லதுதான், ஆனால் ஒரு உருண்டை களிக்கும் மூன்று உருண்டை களிக்கும் கணக்கு வேறு.

தோட்டத்துத் தம்பிக்கு. முதலில் எண் சரியா என்று பார்ப்போம். வீட்டு மீட்டரில் எடுத்ததா, லேபிலா? ஸ்ட்ரிப் டப்பாவைத் திறந்து வைத்தாலோ வெயிலில் வைத்தாலோ தப்பான எண் காட்டும். பழம் நறுக்கிய கையைக் கழுவாமல் குத்தினாலும் ஏறித் தெரியும். எச்பிஏ1சி கடந்த இரண்டு மூன்று மாதத்துச் சராசரி. 6.5ஓ அதற்கு மேலோ என்றால் சர்க்கரை நோய். இரும்புச்சத்துக் குறைந்த சோகை இருந்தால் அதுவும் கொஞ்சம் கூடுதலாகக் காட்டும். ஆனால் 7.1இலிருந்து 10.4க்குச் சோகை மட்டும் கொண்டு போகாது.

எனக்கு இதில் வித்தியாசமாகப் படுவது வேறு. வெறும் வயிற்றில் 132, மதியத்துக்கு மேல் 358. சாதாரணமாகச் சர்க்கரை கைமீறிப் போகிறவர்களுக்குக் காலை எண்ணும் சேர்ந்தே ஏறும். இங்கே காலை கிட்டத்தட்ட அடங்கியிருக்கிறது, மதியம் எகிறுகிறது. மருந்துக்கடை அண்ணன் இந்தப் பக்கம் வந்தால் பார்க்கட்டும்.


மல்லிகைத் தோட்டத்தான்:

லேபில் எடுத்ததுதான் அக்கா. இரண்டு இடத்தில் பார்த்தோம், ஒரே மாதிரிதான் வந்தது. சாப்பாட்டைத் தங்கச்சி கூடவே இருந்து கவனித்துவிட்டாள். ஒரு தட்டுச் சோறு, குழம்பு, ஒரு பொரியல். ஒளித்துச் சாப்பிட வீட்டில் ஒன்றும் கிடையாது.


மருந்துக்கடை அண்ணன்:

தம்பி, சாப்பாட்டை விடுங்கள். நான் கேட்பதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள்.

முழங்கால் வலி எதனால் போனது? என்ன சாப்பிடுகிறார்?

சதை போட்டது எங்கே? முகமும் வயிறும் பெருத்து, கையும் காலும் முன்னைவிட மெலிந்திருக்கிறதா? பிடரிக்குக் கீழே மேடு மாதிரி இருக்கிறதா? லேசாக இடித்தாலே கன்றிப் போகிறதா? தரையில் உட்கார்ந்து பூக்கட்டிவிட்டு எழும்போது கையை ஊன்றித்தான் எழுகிறாரா?


மல்லிகைத் தோட்டத்தான்:

அண்ணே, தங்கச்சியிடம் கேட்டுவிட்டு எழுதுகிறேன். கை முழுக்க ஊதா ஊதாவாகத் திட்டு இருக்கிறதாம், பூச்செடி கீறியது என்று அம்மா சொல்லியிருக்கிறார். எழும்போது சுவரைப் பிடிக்கிறார். வலி இல்லை, ஆனால் தொடையில் பலம் இல்லை என்கிறார். பிடரி மேடும் உண்டு.

முழங்காலுக்கு ஒரு பொடி. வாரச்சந்தையில் ஒருவர் கொண்டுவந்து விற்கிறார். மூலிகைப் பொடி, காலையில் வெந்நீரில் ஒரு கரண்டி. போன தீபாவளிக்கு முன்பிருந்தே சாப்பிடுகிறார். பொட்டலத்தில் பெயரும் இல்லை, ஊரும் இல்லை. மூன்றாம் நாளே வலி பறந்துவிட்டது என்று தெருவில் பாதிப்பேர் வாங்குகிறார்கள். இன்றைக்கே அதைக் கொண்டுபோய்க் குப்பையில் கொட்டச் சொல்லிவிட்டேன்.


மருந்துக்கடை அண்ணன்:

கொட்டச் சொல்லாதீர்கள்! உடனே போன் போடுங்கள். பொடியை நிறுத்தவும் வேண்டாம், இன்னும் ஒரு வாரம் பார்க்கலாம் என்று தள்ளிப்போடவும் வேண்டாம். நாளைக் காலையிலேயே பொட்டலத்தையும் பழைய சீட்டுகளையும் எடுத்துக்கொண்டு பெரியாஸ்பத்திரி சர்க்கரை நோய்ப் பிரிவுக்கோ, உங்களுக்குத் தெரிந்த நாளமில்லாச் சுரப்பி மருத்துவரிடமோ போய்விடுங்கள்.

என் சந்தேகம், அந்தப் பொடியில் ஸ்டீராய்டு கலந்திருக்கிறார்கள். டெக்ஸாமெத்தசோன், பிரெட்னிசோலோன் இந்த இரண்டும் மலிவானவை. மாத்திரையைப் பொடித்து எதில் கலந்தாலும் தெரியாது. மூன்றே நாளில் பழைய மூட்டு வலி போகிறது என்றால் மூலிகையைவிட இதற்குத்தான் வாய்ப்பு அதிகம். 1948இல் அமெரிக்காவில் மேயோ கிளினிக்கில் முடக்குவாதத்தில் கிடந்த ஒரு பெண்ணுக்கு முதன்முதலாகக் கார்டிசோன் ஊசி போட்டபோது சில நாளிலேயே எழுந்து நடந்தார். அதற்கு 1950இல் நோபல் பரிசே கொடுத்தார்கள். அப்படிப்பட்ட மருந்து. மருத்துவர் கையில் இருந்தால் உயிரைக் காப்பாற்றும். சந்தையில் கரண்டிக் கணக்கில் விற்றால் இப்படித்தான் ஆகும்.

ஏன் திடீரென்று நிறுத்தக்கூடாது என்றால், சிறுநீரகத்துக்கு மேலே இருக்கும் அட்ரினல் சுரப்பி தினமும் கார்டிசால் என்ற ஹார்மோனைச் சுரக்கிறது. வெளியிலிருந்து அதே வேலையைச் செய்யும் மருந்து வாரக்கணக்கில் வந்துகொண்டிருந்தால், மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி "இனிச் சுரக்க வேண்டாம்" என்று நிறுத்திவிடும். வீட்டில் சமையலுக்கு ஆள் வைத்ததும் நாம் அடுப்படிப் பக்கமே போகாமல் விடுவது மாதிரி. அந்த ஆளை ஒரே நாளில் அனுப்பிவிட்டால் அன்றைக்கு அடுப்பு எரியாது. வாந்தி, தலைச்சுற்று, வயிற்று வலி, பிரஷர் இறக்கம், சோடியம் குறைவு, மயக்கம் என்று வரும். சரியான நேரத்தில் ஹைட்ரோகார்ட்டிசோன் (அந்தக் கார்டிசாலேதான், மருந்து வடிவில்) ஊசி போடாவிட்டால் உயிருக்கே ஆபத்து. இன்றிரவு அப்படி ஏதாவது வந்தால் விடியட்டும் என்று காத்திருக்காமல் 108ஐக் கூப்பிடுங்கள். "ஸ்டீராய்டு சாப்பிட்டு நிறுத்தியிருக்கலாம்" என்ற ஒரு வரியை வண்டியில் ஏறும்போதே சொல்லிவிடுங்கள்.


கருப்பட்டிப் பிரியன்:

வந்துவிட்டீர்களா? எது நடந்தாலும் நாட்டு மருந்தின் தலையில் போடுங்கள். ஸ்டீராய்டை எழுதுவது யார்? இங்கிலீஷ் மருந்து டாக்டர்கள்தானே? மெடிக்கலில் போய்ச் சளி என்றாலும் ஒரு செட் மாத்திரை கொடுக்கிறார்களே, அதில் இருக்கும் சின்ன வெள்ளை மாத்திரை என்ன?


மருந்துக்கடை அண்ணன்:

அந்தச் சின்ன மாத்திரையும் பல இடங்களில் அதுதான். அதைச் சீட்டில்லாமல் கொடுப்பது சட்டப்படியே தப்பு. இதில் எனக்கும் உங்களுக்கும் சண்டை இல்லை.


சித்த மருத்துவர், திருமங்கலம்:

நான் பட்டம் பெற்றுப் பதிவு செய்த சித்த மருத்துவர். கருப்பட்டிப் பிரியன் ஐயாவுக்கு ஒன்று. பெயரில்லாத பொட்டலத்தில் விற்பது சித்த மருந்தே இல்லை. முறையாகத் தயாரித்து விற்கும் சூரணம் எதை எடுத்தாலும் உறையில் உரிம எண், தொகுதி எண், தயாரித்த தேதி, என்னென்ன சேர்ந்திருக்கிறது என்ற விவரம் எல்லாம் இருக்கும். இருந்தாக வேண்டும். இந்தப் பொடிக்காரர்களால் முதலில் அடிபடுவது எங்கள் பெயர்தான். நான் கொடுக்கும் மருந்தில் முழங்கால் வலி மெதுவாகத்தான் குறையும் என்று சொன்னால், "சந்தைக்காரர் மூணு நாளில் நிறுத்துகிறார், நீங்கள் என்ன டாக்டர்?" என்று என்னிடமே கேட்கிறார்கள்.

தம்பி, அண்ணன் சொன்னதை அப்படியே செய்யுங்கள்.


மல்லிகைத் தோட்டத்தான்:

போய்விட்டு வந்தோம். நல்லவேளை, தங்கச்சி பொடியைக் கொட்டவில்லை. அந்த மருத்துவர் அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டுப் பொட்டலத்தைக் கேட்டார். காலை 8 மணிக்கு எடுத்த கார்டிசால் 1.6 என்று வந்திருக்கிறது. எனக்கு இங்கேதான் குழப்பம். ஸ்டீராய்டு உடம்பில் அதிகமாக இருப்பதால்தானே முகம் வீங்கியது? அப்படியென்றால் கார்டிசால் அதிகமாக அல்லவா காட்ட வேண்டும்?


லேப் அக்கா:

நல்ல கேள்வி. காலை 8 மணிக்குச் சாதாரணமாக 5இலிருந்து 25 மைக்ரோகிராம் வரை இருக்கும், லேபுக்கு லேப் கொஞ்சம் மாறும். எங்கள் சோதனை அளப்பது உடம்பு தானாகச் சுரக்கும் கார்டிசாலை. டெக்ஸாமெத்தசோன் அதில் தெரியாது. பிரெட்னிசோலோன் சில கருவிகளில் கொஞ்சம் கலந்து தெரியும். ஆக, ஆளைப் பார்த்தால் கார்டிசால் வழிகிற மாதிரி, இரத்தத்தில் பார்த்தால் ஒன்றுமே இல்லாத மாதிரி. இந்த இரண்டும் சேர்ந்து வந்தால் வெளியிலிருந்து ஏதோ உள்ளே போகிறது என்று பொருள். பிட்யூட்டரியிலோ அட்ரினலிலோ கட்டி வந்து உடம்பே அதிகமாகச் சுரக்கும் குஷிங் சிண்ட்ரோமும் உண்டு, அது அபூர்வம். அதில் கார்டிசால் இப்படிக் கீழே கிடக்காது.

மதியத்து எண்ணுக்கும் இப்போது விடை கிடைத்துவிட்டது பாருங்கள். காலையில் ஒரு கரண்டி. அது ஈரலைச் சர்க்கரை தயாரிக்கச் சொல்லித் தூண்டும், தசைகளை இன்சுலின் பேச்சைக் கேட்காமல் செய்யும். மதியம், சாயங்காலம் சுகர் உச்சத்துக்குப் போகும். இரவுக்கு மேல் வேகம் குறைந்து விடிகாலையில் ஓரளவு அடங்கும். வெறும் வயிற்றில் மட்டும் சோதித்துவிட்டு "பரவாயில்லையே" என்று போனவர்கள் எத்தனை பேரோ!


வடக்குமாசி வாசி:

2021இல் கருப்புப் பூஞ்சை வந்ததே, அதிலும் இந்த இரண்டும்தானே ஜோடி சேர்ந்தன? கொரோனாவுக்கு ஸ்டீராய்டு, கூடவே கட்டுக்கு அடங்காத சுகர். எங்கள் தெருவில் ஒருவருக்குக் கண்ணையே எடுத்தார்கள்.


மல்லிகைத் தோட்டத்தான்:

பொடியை நிறுத்தியாகிவிட்டது. அதற்குப் பதில் ஹைட்ரோகார்ட்டிசோன் மாத்திரை, காலையில் 10, மதியம் 5. மெல்ல மெல்லக் குறைப்பார்களாம். சுரப்பி பழையபடி வேலை செய்ய மாதக்கணக்கில் ஆகலாம், ஒரு வருடம்கூட ஆகலாம் என்றார்கள். காய்ச்சல் வந்தால் மாத்திரையை இரண்டு மடங்காக்க வேண்டும், வாந்தி வந்து மாத்திரை தங்காவிட்டால் ஊசிக்கு ஓட வேண்டும் என்று ஒரு அட்டையில் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். எப்போதும் பையில் இருக்க வேண்டுமாம். அம்மா அதை ஆதார் அட்டையோடு சேர்த்துச் சுருக்குப் பையில் போட்டுக்கொண்டார்.

இன்சுலினும் காலையில் ஒரு முறை. "இது நிரந்தரமில்லம்மா, பொடி இறங்க இறங்க ஊசியும் இறங்கிவிடும்" என்று மருத்துவர் சொன்னதும் சம்மதித்துவிட்டார். குப்பியும் சிரிஞ்சும் கொடுத்திருக்கிறார்கள். எங்கள் ஊரில் கரண்ட் போனால் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. எப்படி வைத்துக்கொள்வது?


மருந்துக்கடை அண்ணன்:

வைப்பதைவிட முக்கியமானது ஒன்று இருக்கிறது, அதை முதலில் சொல்கிறேன். நம் நாட்டில் குப்பியில் வரும் இன்சுலின் பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 40 யூனிட். அதற்குச் சிவப்பு மூடி போட்ட சிரிஞ்சு. பேனாவில் போடும் கார்ட்ரிட்ஜ் ஒரு மில்லிக்கு 100 யூனிட். 100க்கான சிரிஞ்சின் மூடி ஆரஞ்சு நிறம். குப்பியில் 40 என்று இருக்கிறதா, சிரிஞ்சில் 40 என்று இருக்கிறதா என்று ஒவ்வொரு தடவை வாங்கும்போதும் பொருத்திப் பாருங்கள். பேனா கார்ட்ரிட்ஜிலிருந்து சிவப்பு மூடிச் சிரிஞ்சில் உறிஞ்சிப் போட்டால் இரண்டரை மடங்கு மருந்து உள்ளே போய்விடும். அப்படி மயங்கி விழுந்தவரை நான் பார்த்திருக்கிறேன்.

திறக்காத குப்பி பிரிட்ஜின் நடுத்தட்டில், 2இலிருந்து 8 டிகிரியில். ஐஸ் பெட்டியில் வேண்டவே வேண்டாம், உறைந்து போனதைத் தூக்கித்தான் போட வேண்டும். திறந்த குப்பி நிழலான குளிர்ந்த இடத்தில் நான்கு வாரம் தாங்கும். ஆனால் நம் ஊர்ச் சித்திரை வெயிலுக்கு ஓட்டு வீட்டு அலமாரி குளிர்ந்த இடம் ஆகாது. பெரிய மண்பானையில் ஈர மணல், அதற்குள் சின்னப் பானை, அதில் குப்பி. மேலே ஈரத்துணி. மணல் காயாமல் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருங்கள்.

ஸ்டீராய்டு குறையக் குறைய இன்சுலினும் குறைய வேண்டும். குறைக்காமல் போட்டால் சுகர் தாழ்ந்துவிடும். வியர்வை, கை நடுக்கம், படபடப்பு வந்தால் உடனே சோதியுங்கள். 70க்குக் கீழே இருந்தால் மூன்று டீஸ்பூன் சீனியைத் தண்ணீரில் கலந்து கொடுத்துவிட்டுக் கால் மணி நேரம் கழித்து மறுபடி பாருங்கள். கிளிமிபிரைடும் சேர்ந்து போனால் இந்த ஆபத்து கூடுதல், அதைத் தொடர வேண்டுமா என்று மருத்துவரிடம் வாய்விட்டுக் கேளுங்கள்.


கே.கே. நகர் கீதம்:

நடுவில் புகுவதற்கு மன்னிக்கவும். எனக்குத் தைராய்டு, டிஎஸ்எச் (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்) 9. மாத்திரை போட்டும் குறையவில்லை. இதுவும் சுரப்பிதானே என்று இங்கே கேட்கிறேன்.


லேப் அக்கா:

தனி இழை போடுங்கள் அம்மா, நிறையப் பேருக்கு உதவும். இப்போதைக்கு ஒன்று மட்டும். மாத்திரையை வெறும் வயிற்றில் வெறும் தண்ணீரோடு போட்டுவிட்டு அரைமணியிலிருந்து ஒரு மணி நேரம் காப்பியைத் தொடக்கூடாது. இரும்பு, கால்சியம் மாத்திரை இருந்தால் நான்கு மணி நேரம் தள்ளி. முடி வளர பயோட்டின் சாப்பிடுகிறீர்கள் என்றால் இரத்தம் கொடுக்கும்போது லேபில் சொல்லுங்கள், அது எண்ணையே மாற்றிக் காட்டும்.


மல்லிகைத் தோட்டத்தான்:

ரொம்ப நாள் கழித்து எழுதுகிறேன். அம்மாவுக்கு இப்போது மதியச் சுகர் 190 பக்கம். இன்சுலின் பாதியாகிவிட்டது. முகம் வடிந்து பழைய அம்மாவாகத் தெரிகிறார். "மெலிஞ்சு போயிட்டியே" என்று சொந்தக்காரர்கள் வருத்தப்படுகிறார்கள்!

இரண்டு விஷயம். அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்க வெறுங்காலோடு நடந்து வருவதாக அம்மா நேர்ந்திருக்கிறார். இன்னொன்று, முழங்கால் வலி திரும்ப வந்துவிட்டது. "அந்தப் பொடியைக் கொஞ்சமாவது வாங்கிக் கொடு" என்று நேற்று அழுதார்.


தெப்பக்குளத்தான்:

நடை விஷயத்தை நான் சொல்கிறேன். என் மாமனாருக்குப் பாதத்தில் உணர்ச்சி குறைவு. சித்திரையில் மத்தியான வெயிலில் கோயில் கல்தளத்தில் பிரகாரம் சுற்றிவிட்டு வந்தார். சூடே தெரியவில்லை என்று பெருமையாகச் சொன்னார். இரவு பார்த்தால் இரண்டு பாதமும் கொப்புளம். ஆற மாதக்கணக்கில் ஆனது. இப்போது விடியலில் மட்டும் போகிறார், தடித்த சாக்ஸோடு. வெளியே நடக்க எம்.சி.ஆர். செருப்பு, சுகர்காரர்களுக்கான மெத்தென்ற ரப்பர் செருப்பு. உங்கள் அம்மாவுக்கு ஸ்டீராய்டால் தோலும் மெலிந்திருக்கும், புண் ஆறுவதும் தாமதம். பாத உணர்ச்சியைச் சோதித்த பிறகு முடிவு செய்யுங்கள். நேர்த்திக்கடனை அழகர் அடுத்த வருடமும் வாங்கிக்கொள்வார், வட்டி கேட்க மாட்டார்.

கண்ணையும் பார்த்துவிடுங்கள். சுகர் விழித்திரையைக் கெடுக்கும், ஸ்டீராய்டு புரையும் கண் அழுத்தமும் கொண்டுவரும். கண்ணுக்குப் போக நாம் சென்னைக்கா ஓட வேண்டும்? 1976இலிருந்து அரவிந்த் கண் ஆஸ்பத்திரி இங்கே மதுரையில்தானே இருக்கிறது.


மருந்துக்கடை அண்ணன்:

முழங்காலுக்கு வருகிறேன். அம்மாவின் வலி பொய்யில்லை, அதை முதலில் ஒப்புக்கொள்ளுங்கள். வலிக்கு வழி சொல்லாமல் பொடியை மட்டும் பிடுங்கினால் அடுத்த சந்தைக்குத் தானே போய்விடுவார். பூக்கட்டுவதைத் தரையிலிருந்து நாற்காலிக்கும் மேசைக்கும் மாற்றுங்கள். தொடைத் தசைக்குப் பயிற்சி: நாற்காலியில் உட்கார்ந்து காலை நேராக நீட்டிச் சில நொடி நிறுத்தி இறக்குவது. பிசியோதெரபியில் காட்டிக் கொடுப்பார்கள். ஸ்டீராய்டு தின்ற தசைக்கும் இதேதான் வைத்தியம். வலிக்குப் பாராசிட்டமால், அளவோடு. சந்தையில் கிடைக்கும் வேறு வலி மாத்திரைகள் சுகர்காரர் சிறுநீரகத்துக்கு ஆகாது. எலும்பு அடர்த்தியையும் ஒருமுறை சோதிக்கச் சொல்லுங்கள்.


மல்லிகைத் தோட்டத்தான்:

நாற்காலி போட்டாயிற்று அண்ணே. பொடிக்காரர் இன்னும் அதே சந்தையில்தான் உட்கார்ந்திருக்கிறார். மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைக்கு எழுதிப் போட்டிருக்கிறேன். மாத்திரை கொண்டுவரும் அக்காவிடமும் சொன்னேன். தெருவில் பொடி சாப்பிடுகிறவர்கள் பெயரை எழுதிக்கொண்டு போயிருக்கிறார். யாரையும் திடீரென்று நிறுத்தச் சொல்லாதீர்கள் என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லி அனுப்பினேன்.


புதிதாக வந்தவன்:

இழை முழுக்கப் படித்தேன். மேலூரில் எங்கள் சித்தப்பாவும் இரண்டு வருடமாக ஏதோ ஒரு லேகியம் சாப்பிடுகிறார், ஆஸ்துமாவுக்கு. சுகர் இல்லை. ஆனால் முகம் வட்டமாக இருக்கிறது. பயப்பட வேண்டுமா?


மருந்துக்கடை அண்ணன்:

சுகர் இல்லை என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள், காலையில் வெறும் வயிற்றில் பார்த்ததா? மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்று பாருங்கள், பிரஷரும் பாருங்கள். லேகிய டப்பாவில் உரிம எண் இருக்கிறதா என்று பார்த்து இங்கே எழுதுங்கள். அதுவரை அவர் சாப்பிடுவதைச் சாப்பிட்டுக்கொண்டே இருக்கட்டும், ஆனால் டப்பாவோடு இந்த வாரமே ஒரு மருத்துவரைப் பார்த்தாக வேண்டும்.